தலைக்கு வந்தது

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பெரிய கண்டம் ஒன்று வந்து, சின்ன நஷ்டத்தோடு தப்பித்துக் கொண்டால் இப்படிச் சொல்லிப் பெருமூச்சு விடுவது வழக்கம். இந்தப் பழமொழியைச் சொன்னவர் இரண்டே முடிவுகளைத்தான் யோசித்திருக்கிறார். ஒன்று, தலை போகும்; இல்லாவிட்டால் தலைப்பாகை போகும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தலையும் போகாமல், தலைப்பாகையோடும் போகாமல், தலைக்கு உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும் சங்கதி அது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

விஷயம் கொஞ்சம் கனமானதுதான். ஆனாலும் இந்தப் பக்கத்தைப் படிக்கும் சகோதரிகளில் சிலர் இந்தக் கஷ்டத்தை வீட்டிலேயே வைத்துக் கொண்டு, யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருக்கக்கூடும். மற்றவர்களுக்கு அப்படிப்பட்ட ஓர் உறவினர் வீடாவது இருக்கும்.

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவர், ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து வீடு திரும்புகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாசலில் ஆரத்தி எடுக்கிறார்கள். வேண்டிக் கொண்ட அர்ச்சனை, அபிஷேகம் எல்லாம் நடக்கின்றன. மழித்த இடத்தில் முடி வளர்ந்து தையல் தழும்பும் மறைந்து விடுகிறது. சாப்பிடுகிறார், நடக்கிறார், வந்தவர்களை "வாருங்கள்" என்கிறார். பார்க்க வந்த அத்தை, "ஆள் நன்றாகத்தானே இருக்கிறான்! நீதான் பாவம், இளைத்துத் துரும்பாகி விட்டாய்" என்று மனைவியிடம் சொல்கிறாள்.

அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டு விட்டு ஒன்பது மணிக்கு, "இந்த வீட்டில் இன்னும் டிபன் ஆகவில்லையா?" என்று அவர் கூச்சல் போட்டதைச் சொல்வாளா? அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதிருந்த மனிதர், குழந்தை தம்ளரைக் கீழே போட்ட சத்தத்துக்குக் கையை ஓங்கிக் கொண்டு போனதைச் சொல்வாளா? 'குளியுங்கள்' என்றால் குளிக்கிறார், சொல்லாவிட்டால் சாயங்காலம் வரை அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார் என்பதைச் சொல்வாளா? சொன்னால் புருஷனைக் குறை சொன்னதாக ஆகும். "ஒன்றுமில்லை அத்தை, காபி சாப்பிடுங்கள்" என்று சமையலறைக்குள் போய் விடுகிறாள். காபி கலக்கும்போது, 'இவர் என்னைக் கல்யாணம் செய்து கொண்டவர்தானா?' என்ற எண்ணம் வருகிறது. அப்படி நினைத்து விட்டோமே என்று தன் பேரிலேயே கோபமும் வருகிறது.

அவள் நினைப்பில் தப்பு ஒன்றும் இல்லை. உள்ளே நடந்தது என்ன என்று தெரிந்தால் அது புரியும்.

மூளை சுமார் ஒன்றே கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை எடையுள்ள, மிகவும் மிருதுவான வஸ்து. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்து கொண்டிருக்கிறது. தூக்குப் பாத்திரத்தில் தயிர் எடுத்துக் கொண்டு பஸ்ஸில் போகிறீர்கள். டிரைவர் சடக்கென்று பிரேக் போடுகிறார். பாத்திரம் நின்று விடும். உள்ளே இருக்கும் தயிர் நிற்குமா? முன்னே போய் மோதும், பின்னே வந்து மோதும், கட்டியாக உறைந்திருந்தது கலங்கிப் போகும். தலையில் அடிபடும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். மண்டையோட்டின் உட்புறம், முன்பக்கத்திலும் பொட்டுப் பக்கத்திலும் கரடுமுரடான எலும்பு விளிம்புகள் இருக்கின்றன. மூளை அவற்றில் போய் மோதிக் கன்றிப் போகிறது. போதாக்குறைக்கு, மூளையின் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் செய்தி கொண்டு போகும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுந்து போகின்றன. வெளியே ஒரு கீறல் கூட இல்லாமல் இத்தனையும் நடக்கலாம்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியைக் கூட்டுக் குடும்பத்துப் பெரியவர் என்று சொல்லலாம். "இதை முதலில் செய், அதை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்தாலும் வெளியே விடாதே" என்று சதா அதிகாரம் பண்ணிக் கொண்டிருப்பது அதுதான். அந்தப் பெரியவர் படுத்துவிட்டால் வீடு என்ன ஆகும்? கோபத்துக்குக் கடிவாளம் இருக்காது. எந்தக் காரியத்தையும் தானாக ஆரம்பிக்கத் தோன்றாது. முன்னதைச் சுபாவம் கெட்டுவிட்டது என்கிறோம், பின்னதைச் சோம்பேறித்தனம் என்கிறோம். இரண்டும் காயத்தின் வேலை. "எனக்கு ஒன்றுமே இல்லை, நீங்கள்தான் பெரிது பண்ணுகிறீர்கள்" என்று அவர் சாதிப்பதும் பல சமயங்களில் அதே காயத்தின் வேலைதான். தனக்குக் குறை இருப்பதை உணர்த்த வேண்டிய மூளைதானே அடிபட்டிருக்கிறது?

மோட்டார் வாகனங்கள் வந்த பிறகு வந்த வினை இது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்திலேயே மிகவும் பிரசித்தமான தலைக்காயம் 1848-ஆம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி அமெரிக்காவில், வெர்மாண்ட் மாகாணத்தில் உள்ள காவண்டிஷ் என்ற ஊரில் ஏற்பட்டது. அடிபட்டவர் பினியாஸ் கேஜ். வயது 25. ரெயில் பாதை போடுவதற்காகப் பாறைக்கு வெடி வைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. பாறையில் துளை போட்டு, மருந்தைக் கொட்டி, இரும்புத் தடியால் கெட்டிக்கும்போது மருந்து வெடித்துவிட்டது. 3 அடி 7 அங்குல நீளமும் 6 கிலோ எடையும் உள்ள அந்தத் தடி, அவருடைய இடது கன்னத்துக்குக் கீழே நுழைந்து, கண்ணுக்குப் பின்னால் போய், உச்சந்தலை வழியாக வெளியேறித் தூரத்தில் போய் விழுந்தது. சில நிமிஷங்களில் மனிதர் பேசினார்! மாட்டு வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து விடுதிக்குப் போய், வைத்தியரோடு வேடிக்கையாகவும் பேசினார்.

பிறகு காயத்தில் சீழ் வைத்து, நினைவு தப்பி, நண்பர்கள் சவப்பெட்டியைக் கூடத் தயாராக வைத்துக் கொண்டார்கள். ஜான் ஹார்லோ என்ற இளம் டாக்டர் விடாமல் வைத்தியம் செய்து அவரைப் பிழைக்க வைத்தார். பத்து வாரத்தில் கேஜ் தம் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். இடது கண் பார்வை போயிற்று. மற்றப்படி உடம்பு தேறிவிட்டது. ஆனால் வேலை கேட்டுப் போனபோது, அவரைப் போல் கெட்டிக்கார மேஸ்திரி கிடையாது என்று முன்பு சொன்ன அதே முதலாளிகள் அவரைத் திருப்பி எடுத்துக் கொள்ளவில்லை. பொறுமையில்லை, வாயில் கெட்ட வார்த்தை, இன்று ஒரு திட்டம், நாளை வேறு திட்டம். அவர் பழைய கேஜே இல்லை என்று சிநேகிதர்கள் சொன்னதாக டாக்டர் ஹார்லோ 1868-ல் எழுதினார்.

மூளையைப் பற்றிய புத்தகங்கள் பலவற்றில் இந்தக் கதை இதோடு முடிந்து விடும். வாழ்க்கை அதோடு முடிந்து விடவில்லை. மகன் வீடு திரும்பிய பிறகு எப்படி இருந்தான் என்பதை டாக்டரிடம் சொன்னவர் அவருடைய தாயார். சின்னஞ்சிறு மருமக்களை உட்கார வைத்துக் கொண்டு, தான் செய்ததாக இல்லாத சாகசங்களை எல்லாம் கேஜ் கதையாக அளந்து விடுவாராம். குழந்தைகள், குதிரைகள், நாய்கள் என்றால் அவருக்கு உயிர். இதையெல்லாம் ஒரு தாயார் அல்லாமல் வேறு யார் கவனித்து ஞாபகம் வைத்திருப்பார்கள்?

கேஜ் ஒரு குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1852-ல் தென் அமெரிக்காவில் உள்ள சிலி தேசத்துக்குப் போய், ஆறு குதிரை பூட்டிய பிரயாணிகள் வண்டியை ஓட்டினார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. ஏறக்குறைய ஏழு வருஷம். விடியு முன் எழுந்து குதிரைகளுக்குத் தீனி வைக்க வேண்டும்; சாமான்களை ஏற்ற வேண்டும்; பிரயாணிகளிடம் பணிவாகப் பேச வேண்டும்; பிறகு பாதையைப் பார்த்து ஓட்ட வேண்டும். தினமும் அதே வேலை, அதே வரிசை. மால்கம் மாக்மில்லன் என்ற ஆஸ்திரேலிய மனோதத்துவ அறிஞர் இந்தக் கதையைப் பல வருஷங்கள் துருவிப் பார்த்து, 2000-ஆம் ஆண்டில் ஒரு புத்தகம் எழுதினார். கேஜின் குணம் காலப்போக்கில் பெருமளவு சீரடைந்திருக்க வேண்டும், அந்த ஒழுங்கான தினசரி வேலையே அதற்கு உதவியிருக்க வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம்.

கடைசியில் உடம்பு சரியில்லாமல் 1859-ல் தாயாரும் சகோதரியும் இருந்த ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தார் கேஜ். மறு வருஷம் வலிப்பு கண்டது. 1860 மே மாதம் 21-ந் தேதி, 36-ஆவது வயதில் காலமானார். தலைக்காயத்துக்கு எத்தனையோ வருஷங்கள் கழித்தும் வலிப்பு வரக்கூடும் என்பதை இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ளலாம். இன்று அதற்கு நல்ல மருந்துகள் உண்டு. டாக்டரைக் கேளாமல் அவற்றை நிறுத்தக் கூடாது.

கேஜ் தம் மனசில் என்ன நினைத்தார் என்பது நமக்கு அவர் வாயால் தெரியாது. அதை எழுதி வைத்த வேறொருவர் இருக்கிறார். அவர் பெயர் ஸாஸெட்ஸ்கி. ருஷ்யாவில் பொறியியல் படித்துக் கொண்டிருந்த இளைஞர். இரண்டாவது உலக யுத்தத்தில் சண்டைக்குப் போய், 1943-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஸ்மோலென்ஸ்க் பக்கத்தில் தலையில் குண்டு பாய்ந்தது. பிழைத்துக் கொண்டார். ஆனால் எழுத்துக்கள் மறந்து போயின. எதைப் பார்த்தாலும் வலது பாதி தெரியவில்லை. தம் அறையிலிருந்து வெளியே வந்தால் திரும்பிப் போக வழி தெரியவில்லை. தந்தையின் சகோதரர், சகோதரரின் தந்தை என்ற இரண்டும் ஒன்றா, வேறு வேறா என்று கேட்டால் அவருக்குப் புரியவில்லை. நாம் 'என் ஓரகத்தியின் அண்ணா மாமனார்' என்று மூச்சு விடாமல் சொல்லி விடுகிறோமே, அதற்குள் மூளை எத்தனை முடிச்சுக்களை அவிழ்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள்!

அலெக்ஸாண்டர் லூரியா என்ற பெரிய டாக்டர் அவரைப் பல வருஷங்கள் கவனித்து வந்தார். ஓர் அதிசயம் தெரிந்தது. எழுத்து எழுத்தாக யோசித்து எழுத முயன்றால் கை ஓடவில்லை. யோசிக்காமல், பேனாவை எடுக்காமல், ஒரே இழுப்பில் எழுதினால் வார்த்தை வந்து விட்டது! மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை. ஆனால் தாம் எழுதியதைத் தாமே படிக்க அவர் திண்டாடினார். நாள் முழுவதும் உட்கார்ந்தால் சில சமயம் அரைப் பக்கம் தேறும். தாயாரோடும் சகோதரிகளோடும் இருந்து கொண்டு, இப்படியே சுமார் 25 வருஷங்களில் ஏறக்குறைய 3000 பக்கம் எழுதினார். லூரியா 1971-ல் அதைக் கொண்டு ஒரு புத்தகம் வெளியிட்டார்.

அந்தப் பக்கங்களிலிருந்து தெரிகிற முக்கியமான சமாசாரம் ஒன்று உண்டு. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் பேசாமல் உட்கார்ந்திருக்கிற மனிதர். உள்ளேயோ, ஒரு வார்த்தைக்காக மணிக் கணக்கில் தேடிக் கொண்டிருக்கிறார். நாற்காலியில் சும்மா இருக்கிறார் என்று நாம் நினைக்கிற மனிதர் அன்றைக்கு நம் எல்லாரையும் விட அதிகமாக உழைத்திருக்கலாம். அடிபட்டவர்கள் அடிக்கடி சொல்லும் முறையீடும் அசதிதான். நான்கு பேர் ஒரே சமயத்தில் பேசினாலே அவர்களுக்குக் களைத்துப் போய்விடும். டெலிவிஷன் சத்தமும் மிக்ஸி சத்தமும் சேர்ந்தால் கேட்பானேன்?

அடிபடுகிறவர் எப்போதும் புருஷர்தான் என்பதில்லை. குடும்பத்தலைவியே அடிபட்டாலோ? சாம்பார் வைப்பதை எடுத்துக் கொள்ளுங்கள். பருப்பு வேகும்போதே புளி ஊற வேண்டும்; குக்கர் விசிலை எண்ண வேண்டும்; காய் நறுக்கும்போது வாசல் மணி அடித்தால் போய்ப் பார்த்துவிட்டு, விட்ட இடத்தைப் பிடிக்க வேண்டும். அடிபட்ட மூளைக்கு ஒவ்வொரு படியும் ஒரு மலை. இருபது வருஷம் சமைத்தவள் கையில் கரண்டியோடு, அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பாள். பலருக்கு வாசனை தெரியாமலும் போய்விடுகிறது. பால் அடிப்பிடித்தாலும் காஸ் கசிந்தாலும் தெரியாது. இதை வீட்டார் அவசியம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

என்ன செய்யலாம்? முதலில், காலத்தைக் கொடுக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் வருஷக் கணக்கில் தொடரும். எழுந்திருப்பது, குளிப்பது, சாப்பிடுவது, உலாவப் போவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வரிசையில் நடக்கட்டும். கேஜுக்குக் குதிரைகள் செய்ததை நம் வீட்டுச் சுவர்க் கடிகாரம் செய்யட்டும். தினசரிக் காலண்டரில் அன்றைய காரியங்களைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். சட்டைப் பையில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் இருந்தால், "இப்போதுதானே சொன்னேன்?" என்று நாம் சலித்துக் கொள்ள வேண்டியிராது. ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் சொல்ல வேண்டும். "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்பதை விட, "தோசையா, உப்புமாவா?" என்று கேட்பது சுலபம். கோபம் வரும்போது எதிர்வாதம் பண்ணாமல், அந்த அறையிலிருந்து குழந்தைகளை அழைத்துக் கொண்டு வந்து விடலாம். கை ஓங்குவது தொடர்ந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பொறுமைக்கும் அடி வாங்குவதற்கும் சம்பந்தமில்லை.

மறதிக்கும் பேச்சுக்கும் நடைக்கும் தனித்தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. மனச் சோர்வுக்கும் வைத்தியம் உண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென்றே பிரிவுகள் உண்டு. 'உயிர் பிழைத்ததே போதும்' என்று இருந்துவிடக் கூடாது.

குழந்தைகளிடமும் உண்மையைச் சொல்லி விடுவது நல்லது. "அப்பாவுக்குத் தலையில் பட்ட அடியால் சீக்கிரம் கோபம் வருகிறது; உன் மேல் தப்பு இல்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். நாம் சொல்லாவிட்டால், தன்னால்தான் அப்பா மாறிவிட்டார் என்று குழந்தை தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொள்ளும்.

இரண்டொரு எச்சரிக்கை. தலையில் அடிபட்டு, நன்றாகப் பேசிக் கொண்டிருந்தவர் சில மணி நேரம் கழித்து நினைவு தப்புவது உண்டு. உள்ளே ரத்தம் கசிந்து சேருவதுதான் காரணம். தலைவலி ஏறிக் கொண்டே போனாலும், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலும், எழுப்ப முடியாதபடி தூங்கினாலும், வலிப்பு வந்தாலும், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் வடிந்தாலும், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். குளியலறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்கும் இது பொருந்தும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஹெல்மெட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2008-ல் வெளியிட்ட முடிவின்படி, மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயம் ஏற்படும் அபாயத்தை அது 69 சதவிகிதம் குறைக்கிறது. தலைப்பாகையோடு போக வேண்டுமானால் தலைப்பாகை தலையில் இருக்க வேண்டும் அல்லவா? பின்னால் உட்காருகிற அம்மாளின் தலைக்கும் இது பொது. தாடைக்குக் கீழே வாரை மாட்டிக் கொண்டால்தான் பிரயோஜனம்.

கடைசியாக, காபி கலக்கப் போன அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இறந்து போனவருக்காக அழுதால் ஊர் கூடி ஆறுதல் சொல்லும். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்காக அவள் எப்படி அழுவாள்? அந்தத் துக்கத்துக்குப் பதின்மூன்றாம் நாள் என்று ஒன்று கிடையாது. பழைய மனிதர் நினைவுக்கு வந்து அழுகை வந்தால் அழலாம். அது துரோகம் ஆகாது. இப்போது இருக்கிற மனிதரையும் புதிதாகப் பழகித் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு அவளுக்குத் தெம்பு வேண்டும், தூக்கம் வேண்டும்.

ஆகையால், அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகும்போது ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக் கொண்டு போய், "ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வருவதற்குப் பதில் வேறொன்று செய்யுங்கள். "நான் சாயங்காலம் வரை இங்கே இருக்கிறேன். அவருக்கு எத்தனை மணிக்கு என்ன தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, நீ போய்க் கொஞ்சம் படுத்துக் கொள்" என்று சொல்லுங்கள்.